சி.டி.க்குப் பொட்டு வைத்த பாண்டியம்மா

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள். கம்ப்யூட்டர் அறையின் வாசலில் மாக்கோலம். உள்ளே மூன்று கம்ப்யூட்டருக்கும் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பொரிகடலையும் வெல்லமும் கலந்த வாசனையில் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

எங்கள் தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். அவர் சூடத்தட்டோடு நின்றார். சந்தனக் கிண்ணம் பாண்டியம்மாவின் கையில் இருந்தது. மூன்றாம் வகுப்பு, வகுப்பிலேயே உயரமான பிள்ளை.

"எல்லாத்துக்கும் வச்சாச்சா?" என்று கேட்டார் சார்.

"வச்சாச்சு சார். சி.டி.க்கும் வச்சிட்டேன்."

சார் மெதுவாகத் திரும்பினார். கணக்கு சி.டி. உறையை விட்டு வெளியே வந்து, மேசைமேல் பளபளக்கும் பக்கத்தைக் காட்டிப் படுத்திருந்தது. அதன்மேல் மூன்று இடத்தில் கெட்டிச் சந்தனம், அழகான குங்குமப் பொட்டு. கல்யாண வீட்டுக் குடத்துக்குக்கூட அவ்வளவு அக்கறையாக யாரும் வைக்க மாட்டார்கள்.

"ஏன் பிள்ளை இந்தப் பக்கத்துல வச்ச?"

"இதுதான சார் மூஞ்சி. படம் ஒட்டியிருக்கது முதுகுல்ல?"

இன்றைக்கு வரைக்கும் அந்தப் பதிலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

போன வாரம் சத்துணவுக் கூடத்து முருங்கை மரத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'உங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமே நடக்காதா?' என்று கேட்டிருந்தார். நடந்தது ஐயா. மூன்றாம் வகுப்பு டீச்சர் நான்தான், ஆனால் யார் நடத்தினார்கள் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லத்தான் இந்தச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன்.

மூன்று பெட்டிகள்

திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி தாண்டி உள்ளே போனால் அப்போது ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் பிளாட் கல். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பாதிப் பிள்ளைகள் வயல் பார்க்கிற சம்சாரி வீடுகளிலிருந்து வந்தார்கள். மீதிப் பாதி, மதுரைக்குள் வாடகை கட்டி மாளாமல் அரை சென்ட், ஒரு சென்ட் வாங்கிக் குடிவந்த வீடுகள். அதில் சௌராஷ்டிரா நெசவுக் குடும்பங்கள் நிறைய.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் வேன் வந்து நின்று மூன்று கம்ப்யூட்டர்களை இறக்கிவிட்டுப் போனது. கூடவே சில சி.டி.க்கள். தமிழ்க் கதை, சுற்றுப்புறம், கணக்கு என்று பாடத்துக்கு ஒன்று.

பெரிய சார் நல்ல மனுஷர். ஆனால் அரசாங்கச் சாமானைக் கண்டால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். வீட்டம்மாவிடம் சொல்லி மூன்று பெட்டிக்கும் பூப்போட்ட துணியில் சட்டை தைத்து மாட்டினார். அறைக்குள் செருப்பு கிடையாது. தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். முதல் மாதம் நானே இரண்டு தரம் ஓடியிருக்கிறேன்.

கணக்கு சி.டி.யில் ஒரு குரங்கு இருந்தது. திரையில் கூட்டல் கணக்கு வரும். நல்ல தமிழில் ஒரு பெண் குரல் எண்களைச் சொல்லும். கீழே மூன்று விடைகள். சரியானதை அமுக்கினால் குரங்கு வாழைப்பழம் தின்னும். தப்பானதை அமுக்கினால் கிளையிலிருந்து 'தொப்'பென்று விழுந்து பின்பக்கத்தைத் தடவிக்கொள்ளும்.

இதைச் செய்தவர்கள் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். வாழைப்பழம் தின்பதை யார் பார்ப்பார்கள்? என் வகுப்பில் தெரிந்த பிள்ளையும் தப்பு, தெரியாத பிள்ளையும் தப்பு. குரங்கு விழுந்துகொண்டே இருந்தது. அறையில் சிரிப்புச் சத்தம். வராந்தாவில் நின்று கேட்ட பெரிய சார், "பிள்ளைங்க ஆர்வமாப் படிக்குதுங்க டீச்சர்" என்று சந்தோஷப்பட்டார்.

முதுகுக்குப் பின்னால் கை

எங்களுக்கு மதுரையில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு டீச்சர். எனக்கு ஜோடியாக வந்தவர் சோழவந்தான் பக்கத்து டீச்சர். தங்கமான மனுஷி. மத்தியானம் தன் புளியோதரையில் பாதியை எனக்கு வைப்பார். போகும்போது வெற்றிலைக் கவுளிகூடக் கொடுத்துவிட்டார்.

ஆனால் மவுஸை மட்டும் கொடுக்கவில்லை.

"இங்க பாருங்க டீச்சர், இப்படி அமுக்கணும். பாத்தீங்களா? இப்ப இப்படி." நான் பார்த்தேன். பயிற்சி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து மவுஸைத் தொட்டபோது அம்பு திரையின் ஒரு மூலைக்கு ஓடிப் போய் ஒளிந்துகொண்டது.

நாற்பது பிள்ளைக்கு மூன்று பெட்டி. ஒரே நேரத்தில் மூன்று பெட்டியிலும் நான் நிற்க முடியாது. அதனால் தெரிந்த பிள்ளையையும் தெரியாத பிள்ளையையும் ஜோடி சேர்த்து, முறை போட்டு உட்காரவைத்தேன். முதல் வாரமே என் சோழவந்தான் கதை மூன்று பெட்டியிலும் நடந்தது. தெரிந்த பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொண்டது. தெரியாதது வேடிக்கை பார்த்தது.

பிறகுதான் ஒரு சட்டம் போட்டேன். சொல்லிக்கொடுக்கிற பிள்ளை உட்காரக் கூடாது, பின்னால் நிற்க வேண்டும். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். வாய்க்கு மட்டும்தான் அனுமதி. அந்த வாயும் விடையைச் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும்.

அது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது. கை துடிக்கும். தோள் குலுங்கும். ஒரு கை நழுவி முன்னால் வர, மற்றக் கை அதை இழுத்துப் பின்னால் கொண்டுபோகும். ஒரு பையன் இரண்டு கையையும் டிராயருக்குள் செருகிக்கொண்டே பாடம் நடத்தினான்.

பெரிய சாருக்குத் திருப்தியில்லை. "பிள்ளைங்களே சொல்லிக் குடுத்துக்கிட்டா நமக்கு என்ன டீச்சர் வேலை?"

"அந்தக் கையைப் பாத்துக்கிறதுதான் சார் வேலை" என்றேன். அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

ஒரு ஜோடி

பாண்டியம்மா வயசுக்கு ஐந்தாவதில் இருக்க வேண்டியவள். தம்பி பிறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டு, அவன் ஓடியாடத் தொடங்கிய பிறகு திரும்பி வந்தாள். அப்பா தவசி, வெண்டையும் கத்தரியும் போட்டுப் பரவை மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டுகிறவர். ஜூன் மாதம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே ஒரு சங்கதியை உடைத்துச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், எந் தங்கச்சி திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போகுது. அது பிள்ளையைப் பாத்துக்க ஆளில்ல. இவளை அனுப்பி வையிண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. தீவாளிக்கு வரும். அதுக்குள்ள இவளுக்குப் படிப்பு ஏறுதான்னு பாப்போம். ஏறலைன்னா ரெண்டு வருசம் பிள்ளையப் பாத்துக்கிட்டு, பெறகு கம்பெனிலயே சேந்துக்கிறட்டும்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. பிள்ளை நாலாவது வரிசையில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட எங்கேயாவது உபயோகமாக இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. அப்படி நினைக்கிற அப்பாவிடம் பேசி ஜெயிப்பதுதான் கஷ்டம்.

பாண்டியம்மாவுக்கு எழுத்து மெல்ல வந்தது. கணக்கு வரவே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தால் மவுஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பாள், அமுக்க மாட்டாள்.

"ஏத்தா, அமுக்கேன்."

"விழுந்துருமே டீச்சர். பாவம், விழுந்துக்கிட்டே இருக்கு."

வகுப்பிலேயே அந்தக் குரங்குக்காகக் கவலைப்பட்ட ஒரே ஆத்மா அவள்தான்.

அவளுக்கு ஜோடியாக ரேணுகாவைப் போட்டேன். சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. எட்டு வயசு. பாண்டியம்மாவின் தோள் உயரம்தான் இருப்பாள். கணக்கில் புலி. பொறுமையில் பூஜ்யம். சொல்லிக்கொடுக்கிறவளுக்கும் ஏதாவது கற்றுக்கொள்ள இருக்கட்டும் என்றுதான் சேர்த்தேன்.

"எட்டுல இருந்து மேல எண்ணு. இன்னும் எம்புட்டு எண்ணணும்? ஏன் நிக்கிற? விழுந்தா விழட்டும், அது பொம்மை. அதுக்கு வலிக்காது" என்று பின்னால் நின்று கத்துவாள். கை மட்டும் ஒழுங்காகப் பின்னால் கட்டியிருக்கும்.

ஆயுத பூஜை நெருங்கியபோது பாண்டியம்மா அமுக்க ஆரம்பித்திருந்தாள். குரங்கு சில நேரம் பழம் தின்றது. அப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள்தான் தின்றாள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மற்ற சி.டி.யெல்லாம் உறையில் இருக்க, கணக்கு சி.டி.யை மட்டும் அவள் ஏன் தேடி எடுத்துப் பொட்டு வைத்தாள் என்று இதற்குமேல் நான் விளக்க வேண்டாம்.

பித்தளை விளக்கு

சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் போயிருக்கும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். பெரிய சாருக்கும் எனக்கும் அன்று தெரிந்தது பித்தளை விளக்கு துலக்குகிற முறைதான். அவர் திருநீற்றைத் தொட்டு, துண்டு நுனியால், பளபளப்பு வரவர அழுத்தித் தேய்த்தார். நான் பக்கத்தில் நின்று, "இன்னும் இங்கனக்குள்ள இருக்கு சார்" என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

தேய்த்த சி.டி.யை மூன்றாவது பெட்டியில் போட்டார். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. தட்டும் வெளியே வரவில்லை. சார் வியர்த்துப்போய்ச் சுவிட்சை அணைத்தார்.

பிறகு அவருடைய பயமெல்லாம் கோபமாகிப் பாண்டியம்மாவின் பக்கம் திரும்பியது. "இந்தப் பிள்ளை இனிமே எதையும் தொடக் கூடாது டீச்சர். சொல்லிட்டேன்."

அவள் சந்தனக் கிண்ணத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சாரின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தேய்த்தது யார், பழி யாருக்கு? பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கேட்டும்விட்டேன். அவர் பெட்டிக்குப் பூப்போட்ட சட்டையை மாட்டினார். பொரிகடலையை அன்று நான் தொடவில்லை.

வேறு சி.டி. கேட்டு ஆபீஸுக்கு எழுதினோம். வரும்போது வரும் என்றார்கள். பெட்டியைப் பழுது பார்க்கும் ஆளும் அப்படித்தான். தீபாவளிக்கு அதிக நாள் இல்லை.

அணைந்த திரை

விடுமுறை முடிந்து வந்ததும் மற்றப் பிள்ளைகள் ஓடுகிற இரண்டு பெட்டியில் கதை சி.டி. பார்த்தார்கள். தொடக் கூடாது என்று சார் சொன்னது ஓடுகிற பெட்டியைத்தான் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டு, பாண்டியம்மாவையும் ரேணுகாவையும் மூன்றாவது பெட்டிக்கு அனுப்பினேன். அணைந்து கிடப்பதை இனி யார் கெடுக்க முடியும்?

நான் சிலேட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பேரும் கேட்கவில்லை. பாண்டியம்மா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். ரேணுகா பின்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"இருவத்தேழும் ஆறும்" என்றாள் ரேணுகா.

பாண்டியம்மா கறுத்த திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. மவுஸை அமுக்கி விடை சொன்னாள். ரேணுகா கையைக் கட்டியபடியே வாயை மட்டும் அசைத்து வாழைப்பழம் தின்றாள். அடுத்த விடை தப்பு. ரேணுகா 'தொப்'பென்று தரையில் உட்கார்ந்தாள். விழுந்தவளை எழுப்பிவிட்டுப் பாண்டியம்மா திரும்ப எண்ணினாள்.

இது தினமும் நடந்தது. சி.டி.யில் இருந்த குரங்கைவிட இந்தக் குரங்கு நன்றாக நடித்தது. முக்கியமாக, இது விழுந்தால் வலிக்கும். அதனால் தப்பு விடையைக் குறைத்துக்கொள்வதில் இரண்டு பேருக்கும் அக்கறை இருந்தது.

ஒரு நாள் பக்கத்தில் போனபோதுதான் காதில் விழுந்தது. பாண்டியம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்த எண்கள் தமிழ் இல்லை.

கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். விஷயம் புரிந்துவிட்டது. ரேணுகாவின் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா. பள்ளிக்கூடத்தில் தமிழில் நன்றாகப் பேசுவாள், எழுதுவாள். ஆனால் எண்ணுவது மட்டும் வீட்டுப் பாஷையில். சி.டி. இருந்தவரை தமிழ்க் குரல் கேட்டது. அது நின்றதும், வழிகாட்ட ரேணுகா வாய்விட்டு எண்ணிக் காட்டுகிற எண்கள் மட்டும் மிஞ்சின. பாண்டியம்மா அதையே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, தமிழ்ல எண்ணினா என்ன?" என்று ரேணுகாவைத் தனியாகக் கேட்டேன்.

"எண்ணலாம் டீச்சர். ஆனா நடுவுல நின்னுரும். இதுல தான்னால ஓடும்."

எனக்கும் அப்படித்தான். இப்போதும் நான் இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்துத் தமிழில்தான் நாள் எண்ணுகிறேன். விடை தமிழில் வருகிறது, எண்ணுவது எதில் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்குள் பாஷையைத் திருத்த ஆரம்பித்தால் கணக்கும் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

திருப்பூர் அத்தை

தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியான மணி அடித்த பிறகு தவசி வந்தார். கூட அவர் தங்கச்சி பேச்சி. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் பாண்டியம்மா வேண்டும்.

பேச்சிக்கு முப்பது வயசு இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கறுப்பு. பேச்சில் வளைவு நெளிவு கிடையாது.

"இதை வீட்டுல வச்சுப் பூட்டிட்டுத்தான் டீச்சர் வேலைக்குப் போறேன். பக்கத்து வீட்டுல சன்னல் வழியாப் பாத்துக்கிருவாக. எத்தனை நாளைக்கு?" என்றாள்.

நியாயம் அவள் பக்கமும் இருந்தது.

பெரிய சார் எல்லோரையும் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போனார். செருப்பைக் கழற்றச் சொன்னார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. ஆனாலும் மூன்று பெட்டியின் சட்டையையும் கழற்றிக் காட்டினார். "இதுலதான் இப்பப் படிப்பு. போர்டுல ஒரு கணக்கு எழுதுறேன், உங்க பிள்ளை போடும் பாருங்க."

"போர்டுல எழுதுனா எனக்குத் தெரியாதுங்க சார்" என்றாள் பேச்சி. "நான் வாயில கேக்குறேன். பத்து பீஸு ஒரு கட்டு. ஏழு கட்டு இருக்கு, மேல நாலு பீஸு கிடக்கு. அதுல எட்டு டேமேஜு. நல்ல பீஸு எம்புட்டு?"

நாங்கள் இந்த மாதிரிக் கணக்கு நடத்தவே இல்லை. இரண்டு எண்ணைக் கொடுத்துக் கூட்டவும் கழிக்கவும்தான் குரங்கு கேட்கும்.

பாண்டியம்மா அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு போய் மூன்றாவது பெட்டியின் முன்னால் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். ரேணுகா தானாகவே அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். 'பேசாதே' என்று நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டி, வாயையும் இறுக்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"என்னத்தைப் பிடிச்சிருக்கு அது?" என்று கேட்டாள் பேச்சி.

"அதைப் பிடிச்சாத்தான் ஓடும்போல" என்றார் தவசி.

பாண்டியம்மாவின் உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் அறைக்கே கேட்கிற மாதிரி. ஒரு எண், ஒரு அமுக்கு. மவுஸ் 'டிக்' என்றது. அடுத்த எண், அடுத்த 'டிக்'. மேலேயிருந்து கீழே ஒவ்வொன்றாக இறங்கினாள். அத்தனையும் சௌராஷ்டிரா.

நின்றாள். கடைசி எண்ணை ஒரு தரம் அந்தப் பாஷையில் சொன்னாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அறுபத்தாறு" என்றாள்.

பேச்சி விரலை மடக்கித் தனக்குள் எண்ணினாள். ஒரு தரம் எண்ணி, சந்தேகப்பட்டு, மறுபடி எண்ணினாள். "சரியாத்தான் சொல்லுது" என்றாள்.

தவசிக்கு விடை முக்கியமாகப் படவில்லை. "என்ன பாஷைத்தா இது?"

"கணக்குப் பாஷைப்பா" என்றாள் பாண்டியம்மா.

இத்தனை நாளும் கணக்கு என்றால் இப்படித்தான் எண்ண வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்துக்குத் தமிழ், இங்கிலீஷ் பாடத்துக்கு இங்கிலீஷ், கணக்குக்கு இது.

ரேணுகாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அது எங்க வீட்டுப் பாஷை" என்றாள்.

பாண்டியம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். "நெசமாவா? நீங்க வீட்டுலயும் கணக்குலயா பேசிக்கிறீங்க?"

முதலில் சிரித்தவர் பெரிய சார்தான். தவசி சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ரேணுகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் சொல்லிக் குடுத்தியா? இந்தப் பெட்டி இல்லையா?"

"பெட்டி ஓடலை. நாந்தான்."

"ஒனக்கு எத்தனை வயசு பாப்பா?"

"எட்டு."

"எனக்கு எண்ணத் தெரிஞ்சதே கம்பெனில போய் ஏச்சு வாங்கித்தான்" என்றாள் பேச்சி, யாரிடம் என்றில்லாமல். அவள் குழந்தை அதற்குள் கீபோர்டில் இரண்டு கையையும் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. பெரிய சார் பதறி வந்து, ஏனோ அதைத் தடுக்காமல் விட்டுவிட்டார்.

"இவளை விட்டுட்டுப் போங்கம்மா" என்று நான் பேச்சியிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"தீவாளி முடியட்டும் டீச்சர். எம் பிள்ளைக்கும் ஒரு வழி பண்ணணும்ல" என்றாள் அவள். மூன்று பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

விடுமுறை முடிந்து

அந்தத் தீபாவளிக்கு நான் என்ன பலகாரம் செய்தேன் என்று நினைவில்லை. எண்ணெயில் கரண்டியை விட்டுவிட்டு நின்றதாக என் வீட்டுக்காரர் சொல்வார். பண்டிகை முடிந்து திருப்பூர் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்து போய்க்கொண்டிருந்தன. எந்தப் பஸ்ஸைப் பார்த்தாலும் ஜன்னலில் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தேடினேன்.

பள்ளி திறந்த அன்று ரேணுகா எனக்கு முன்பே வந்து கேட்டில் நின்றாள். பிரார்த்தனை மணி அடித்தது. அவள் வரிசைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பாட்டு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போனார்கள். வயல் பக்கத்துப் பாதையில் யாரும் இல்லை.

"வர மாட்டாளா டீச்சர்?" என்றாள் ரேணுகா.

எனக்கு அழுகை வந்தது. "உள்ள வா" என்று மட்டும் சொன்னேன்.

முதல் பீரியட் பாதி நடந்துகொண்டிருந்தபோது வாசலில் தவசியின் குரல் கேட்டது. தலையில் முண்டாசு, மார்க்கெட்டுக்குப் போகிற அவசரம். அவருக்குப் பின்னால் பாண்டியம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தீபாவளிக் கவுனில், அழுது வீங்கிய கண்ணோடு பேச்சியின் குழந்தை.

"கூட்டிட்டுப் போக வந்தவ, விட்டுட்டுப் போயிட்டா டீச்சர்" என்றார் தவசி. "எம் பிள்ளை இங்கனயே கெடக்கட்டும், பாண்டியம்மா கூடவே பள்ளிக்கூடம் போயி வரட்டும்னுட்டா. பஸ் ஏறுற வரைக்கும் அழுகாம இருந்துட்டு, ஏறி உக்காந்து அழுகுறா. ரெண்டையும் பாத்துக்கங்க. நான் போறேன், மூடை நிக்கிது."

குழந்தை அம்மாவைக் கேட்டு மறுபடி ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பில் உட்கார மறுத்தது. பாண்டியம்மா அதை நேரே கம்ப்யூட்டர் அறைக்கு இழுத்துப் போனாள். நானும் ரேணுகாவும் பின்னாலேயே போனோம். பெரிய சார் அங்கே துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பாண்டியம்மாவைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஓடுற பெட்டியில போயி உக்காருங்க" என்றார்.

"இதுவே போதும் சார்" என்றாள் அவள்.

மூன்றாவது பெட்டியின் முன்னால் குழந்தையைத் தூக்கி உட்காரவைத்தாள். அதன் கையை மவுஸின்மேல் வைத்தாள். ரேணுகா பழக்கத்தில் பின்னால் போய் நின்றவள், அங்கே ஏற்கெனவே ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "அப்ப எனக்கு யாரு டீச்சர் ஜோடி?" என்றாள். அவள் முகத்தில் கோபம் பாதி, பெருமை பாதி.

பாண்டியம்மா ஒன்று, இரண்டு என்று ரேணுகா வீட்டுப் பாஷையில் ஆரம்பித்தாள். குழந்தை அழுகையை நிறுத்தி, கறுத்த திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மவுஸை விட்டுவிட்டு அவள் கையைத் தேடியது.

பாண்டியம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் தொட மாட்டேன்" என்றாள். "நீயே அமுக்கு."